கண்புரை அறுவையில் கீறும் இடம் சிலிண்டர் பவரை மாற்றுமா?

பாம்பனில் கடலுக்குப் போகும் உங்கள் அப்பாவுக்குக் கண்புரைக் கீறலை மேலே போடுவதா, பக்கவாட்டிலா என்று கேட்டிருக்கிறீர்கள். வித்தியாசம் உண்டு. சிலிண்டர் பவர் என்பது கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லாததால் வரும் பார்வைக் குறை. கீறிய திசையில் கருவிழியின் வளைவு கொஞ்சம் தட்டையாகும், அதற்குக் குறுக்கே கூடும். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்திசையில்தான் வளைவு அதிகம். அதனால் காதுப் பக்கம் கீறினால் சிலிண்டர் பவர் குறையும். மேலே கீறினால் கூடலாம். பேக்கோ முறையில், அதாவது புரையை மீயொலியால் உடைத்து உறிஞ்சும் முறையில், போடும் 2.2 முதல் 2.8 மி.மீ. வரையிலான கீறலில் மாற்றம் சிறிது. 6 மி.மீ. அளவுக்குத் திறக்கும் தையலில்லா முறையில் நன்றாகவே தெரியும்.

அப்புறம், வெயிலிலேயே கிடக்கும் கடலோரத்துக்காரர்களுக்குக் கண்ணில் சதை வளர்வது சகஜம். அது கருவிழிமேல் ஏறியிருந்தால் அதுவே சிலிண்டர் பவரை உண்டாக்கும், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவர் கணக்கையும் தவறாக்கும். பெரிதாக இருந்தால் முதலில் அதை எடுத்து, கருவிழி நிலைபெற்ற பிறகு லென்ஸுக்காகக் கண்ணை அளப்பதே நல்லது என்பேன். இதை டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.