மூவிங் காயில் கார்ட்ரிட்ஜுக்கு எந்த டிரான்ஸ்பார்மர்?

கேள்வி: என்னிடம் டெனான் டிஎல்-103 என்ற மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் (இசைத்தட்டின் அதிர்வை மின்சாரமாக்கும், ஊசி பொருத்திய சிறு கருவி) இருக்கிறது. 1:40 ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் (மின்னழுத்தத்தை உயர்த்தும் பெட்டி) வாங்கினால் ஒலி கணீரென்று வரும் என்கிறார் கடைக்காரர். 1:10 போதும் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

பதில்: நண்பர். உங்கள் கார்ட்ரிட்ஜ் தருவது 0.3 மில்லிவோல்ட், அதன் உள்மின்தடை 40 ஓம். டிரான்ஸ்பார்மர் மின்னழுத்தத்தைக் கம்பிச் சுற்றுகளின் விகிதப்படி பெருக்குகிறது, 1:10 என்றால் பத்து மடங்கு. அதோடு நிற்பதில்லை, போனோ உள்ளீட்டில் (ஆம்ப்ளிபயரில் இசைத்தட்டுக் கருவியை இணைக்கும் இடம்) இருக்கும் 47,000 ஓம் மின்தடையை அந்த விகிதத்தின் வர்க்கத்தால் வகுத்து, கார்ட்ரிட்ஜின் மேல் சுமையாக ஏற்றிவிடுகிறது. 1:10 என்றால் 470 ஓம், 1:20 என்றால் 118 ஓம், 1:40 என்றால் வெறும் 29 ஓம். சுமை 29 ஓமாக இறங்கினால், பாதிக்கு மேற்பட்ட மின்னழுத்தம் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே தீர்ந்துபோகும்.

டிரான்ஸ்பார்மரின் சொந்த இழப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், 1:10இல் சுமார் 2.8 மில்லிவோல்ட் கிடைக்கும், 1:20இல் 4.5, 1:40இல் 5.1. கடைசி இரண்டையும் ஒப்பிடுங்கள். சுற்று இரு மடங்கானது, லாபமோ சுமார் 0.6 மில்லிவோல்ட்டுதான். இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 1:34 அளவில் உச்சம் வந்துவிடுகிறது. அதற்கு மேல் போனால் மின்னழுத்தம் குறையத்தான் செய்யும். உங்கள் போனோ உள்ளீடு 2.5 மில்லிவோல்ட்டில் நிறைவாக இயங்குமானால் 1:10 வாங்குங்கள். இரைச்சல் தெரிந்தால் 1:20 வரை போகலாம்.

கேள்வி: அப்படியானால் 1:40 யாருக்குமே உதவாதா?

பதில்: உதவும். ஆர்டோபோன் எஸ்பியு கிளாசிக் என்ற கார்ட்ரிட்ஜ் தருவது 0.2 மில்லிவோல்ட், உள்மின்தடை 2 ஓம். அதற்கு 29 ஓம் சுமை ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் 7.5 மில்லிவோல்ட் வரை ஏறும். சில போனோ உள்ளீடுகள் அதைத் தாங்காமல் உரத்த இடங்களில் கரகரக்கும். நானாக இருந்தால் 1:20 அல்லது 1:30 எடுப்பேன்.

கேள்வி: டிரான்ஸ்பார்மர் பெட்டியின் மேல் ‘40 ஓம்’, ‘3 ஓம்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. எது டிரான்ஸ்பார்மரின் மின்தடை?

பதில்: இரண்டும் இல்லை. எந்த வகைக் கார்ட்ரிட்ஜுக்கு எந்த நிலை என்பதைத்தான் அது சொல்கிறது. வழக்கமாக 3 ஓம் பக்கம்தான் விகிதம் அதிகம். விகிதத்தை எழுதாமல் ஓமை மட்டும் எழுதி விற்கும் பழக்கத்தால் எத்தனை பேர் தவறான பெட்டியை வாங்கியிருப்பார்களோ!

கேள்வி: 1:10ஐ வைத்துக்கொண்டே சுமையை 100 ஓமாக்க முடியுமா?

பதில்: முடியும். டிரான்ஸ்பார்மரின் இரண்டாம் சுற்றுக்கு, அதாவது போனோ பக்கச் சுற்றுக்குக் குறுக்கே, ஒவ்வொரு சேனலிலும் 12.7 கிலோஓம் மின்தடை ஒன்றை இணையுங்கள். 47 கிலோஓமோடு சேர்ந்து அது 10 கிலோஓமாகும். விகிதத்தின் வர்க்கமான 100ஆல் வகுத்தால் 100 ஓம்.

கேள்வி: இணைத்ததும் ‘ம்ம்’ என்று ரீங்காரம் கேட்கிறது.

பதில்: பெட்டியை ஆம்ப்ளிபயரிலிருந்து தள்ளி வையுங்கள், மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் ஒலி அடங்கும். அடங்காவிட்டால் தரை இணைப்பைச் சோதியுங்கள். தள்ளி வைப்பதற்காக போனோ பக்கக் கம்பியை நீட்டாதீர்கள். அதன் மின்தேக்கமும் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் தன்மை) விகிதத்தின் வர்க்கத்தால் பெருகித்தான் கார்ட்ரிட்ஜுக்குத் தெரியும்.

கேள்வி: மல்டிமீட்டரால் சுற்றுகளின் மின்தடையை அளக்கலாமா?

பதில்: வேண்டாம். மீட்டர் செலுத்தும் நேர்மின்னோட்டம் டிரான்ஸ்பார்மரின் உள்ளகத்தை (கம்பி சுற்றப்பட்ட உலோகப் பகுதி) காந்தமாக்கிவிடலாம். கார்ட்ரிட்ஜையும் அளக்காதீர்கள், அதன் கம்பி மயிரிழை போன்றது.

கேள்வி: என் கார்ட்ரிட்ஜ் மூவிங் காயில்தான், ஆனால் 2 மில்லிவோல்ட் தருகிறது. அதற்கு எந்த விகிதம்?

பதில்: டிரான்ஸ்பார்மரே வேண்டாம். நேராக போனோவில் செருகுங்கள்.