கம்பெனி மாறலாம், உப்பு மாறக் கூடாது

கேள்வி: ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் இரண்டு மாதமாக மெட்டோப்ரோலால் 50 மி.கி. மாத்திரை, காலையில் ஒன்று சாப்பிடுகிறேன். மாடிப்படி ஏறினால் கால் ஓய்ந்துபோகிறது, விரல்கள் சில்லிட்டுக் கிடக்கின்றன. போன முறை கடையில் "அதே மருந்துதான்" என்று வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள், இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும் அட்ரினலினின் வேலையைத் தடுத்து வைக்கின்றன. வாரக்கணக்கில் இப்படித் தடுத்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்தால், அடங்கிக் கிடந்த துடிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பும். நெஞ்சுவலி வரலாம், இதயநோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பேகூட வரலாம். விட வேண்டுமென்றால் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். மாத்திரை தீர்ந்துபோய் நாலு நாள் கடைக்குப் போகாமல் இருப்பதும் நிறுத்துவதுதான். ஒரு வாரத்துக்கான மாத்திரை மிச்சமிருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

இனி கடைக்காரர் சொன்னது. கம்பெனி மாறினால் பெரும்பாலும் பாதகமில்லை. ஆனால் பழைய அட்டை, புது அட்டை இரண்டையும் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். மெட்டோப்ரோலால் 'சக்சினேட்' என்ற உப்பாகவும் வரும், 'டார்ட்ரேட்' என்ற உப்பாகவும் வரும் (சமையல் உப்பு அல்ல, மருந்தோடு சேர்ந்திருக்கும் ரசாயன உப்பு). சக்சினேட் பொதுவாக மெதுவாகக் கரையும் மாத்திரை, நாளுக்கு ஒன்று போதும். சாதாரண டார்ட்ரேட் சீக்கிரம் கரைந்துவிடும், வழக்கமாக இரண்டு வேளை தருவார்கள். இரண்டிலும் 50 என்றுதான் போட்டிருக்கும். சக்சினேட்டுக்குப் பதில் சாதாரண டார்ட்ரேட்டை ஒரே வேளை சாப்பிட்டால், காலையில் தலைசுற்றலும் ராத்திரியில் படபடப்புமாக அல்லாட நேரிடலாம். மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடித்தோ மென்றோ சாப்பிடவும் கூடாது.

அசதியும் கை சில்லிடுவதும் இந்த மருந்தில் எதிர்பார்க்கக் கூடியவைதான். பலருக்குச் சில வாரங்களில் மட்டுப்படும். உங்களுக்கு இரண்டு மாதமாகியும் குறையவில்லை என்றால், அளவையோ மருந்தையோ மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். போவதற்கு முன் ஒரு வாரம், காலையில் எழுந்ததும் உட்கார்ந்தபடியே மணிக்கட்டில் 30 விநாடி நாடியை எண்ணி, இரண்டால் பெருக்கிக் குறித்து வையுங்கள். 50-க்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் நேரே அவசரப் பிரிவுதான்.

ஆஸ்துமா இருந்தால் சொல்லாமல் விடாதீர்கள், மூச்சுக்குழாய் இறுகலாம். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். அப்புறம், கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டும் இதே குடும்பம். சொட்டு மருந்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, மருத்துவர் கேட்டாலும் மறந்துவிடுகிறார்கள். போகும்போது அதையும் இரண்டு அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.