சர்க்கரையை விட்டு, கிளைசெமிக் குறியீட்டைப் பார்த்துச் சாப்பிட்டால் எடை குறையுமா?

சர்க்கரையை நிறுத்திவிட்டு, கிளைசெமிக் குறியீட்டு எண் குறைவாக உள்ள உணவையே சாப்பிட்டு எடை குறைத்தவர்கள் யாரேனும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, அவர்களில் நானும் ஒருத்தி. பட்டினி கிடந்து அலுத்துப்போன பிறகு, பசியோடு போராடாமல் இளைக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடுகிறீர்கள் என எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் மருத்துவரோ உணவியல் வல்லுநரோ அல்ல.

1981-இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் இந்தக் குறியீட்டை வெளியிட்டபோது அவர்கள் மனத்தில் இருந்தவர்கள் நீரிழிவு நோயாளிகள்; எடை குறைப்பவர்கள் அல்லர். குளுக்கோஸை 100 என்று வைத்து, ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்று ஒப்பிடுகிறார்கள். 55 வரை குறைவு, 70-உம் அதற்கு மேலும் அதிகம். அந்த எண்ணில் கலோரிக் கணக்கு கிடையாது. கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் ஐஸ்கிரீம்கூடக் குறைந்த எண் வாங்கிவிடுகிறது. பல அட்டவணைகளில் 70-ஐத் தாண்டி நிற்கும் தர்பூசணியிலோ 100 கிராமுக்கு 8 கிராம் கார்போஹைட்ரேட்கூட இருப்பதில்லை. இந்த எண்ணைக் கண்டறியும் சோதனையில் தின்னக் கொடுக்கும் 50 கிராம் கார்போஹைட்ரேட் சேர வேண்டுமானால் அரைக் கிலோவுக்கு மேல் பழம் தின்றாக வேண்டும். இது தெரியாமல் பழத்தை ஒதுக்கிவிட்டு, பையில் டயட் பிஸ்கட்டோடு திரிபவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுப்பதில்லை.

என் எடை இறங்கத் தொடங்கியது தேநீரிலிருந்துதான். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நாளுக்கு நான்கு கோப்பை குடிப்பவள் நான். ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 4 கிராம் என்றால், தேநீரில் மட்டுமே 32 கிராம் சர்க்கரை உள்ளே போய்க்கொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சர்க்கரைக்குப் பரிந்துரைத்த உச்ச வரம்பு, ஒரு நாள் உணவின் மொத்த ஆற்றலில் 10 சதவீதம். 5 சதவீதத்துக்குள், அதாவது ஏறத்தாழ 25 கிராமுக்குள், நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறார்கள். தேனும் பழச்சாறும்கூட இந்தக் கணக்கில் அடங்கும். இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, ஒன்றாக்கி, அரையாக்கி, நாக்கு முரண்டு பிடிக்காத வேகத்தில் இறக்கினேன். இப்போது யாராவது பழைய அளவில் கலந்து கொடுத்தால் தேநீரின் மணமே தெரிவதில்லை.

அடுத்தது பாக்கெட்டுகள். முன்பக்கத்தில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்கத்தில், உறையை ஒட்டிய மடிப்பை நிமிர்த்தி வெளிச்சத்தில் பிடித்தால், எறும்பு எழுத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற, மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடியின் பெயர் இருக்கும். பெயரில் சர்க்கரை இல்லையே தவிர, இரத்தத்தில் ஏறும் வேகத்தில் அது குளுக்கோஸுக்கு இளைத்ததல்ல.

சாப்பாட்டில், மாவாக அரைத்ததற்குப் பதில் முழுத் தானியமும், பாதித் தட்டுக்குக் காய்கறியும் பருப்பும் என்று மாற்றினேன். உண்மையில் எனக்குக் கைகொடுத்தது முற்பகல் பசி அடங்கியதுதான். முன்பெல்லாம் காலை உணவு முடித்த இரண்டு மணி நேரத்தில் கை தானாக மேசை இழுப்பறைக்குப் போகும். அந்தப் பழக்கம் போனதும் இடைத்தீனியும் அதன் கலோரியும் தாமாகவே போயின.

‘கலோரி குறைந்ததால் இளைத்தாய், குறியீட்டால் அல்ல’ என்று மறுக்க வருபவர்களே, நானும் அதைத்தான் சொல்கிறேன். கலோரியைச் சமமாக வைத்து ஒப்பிட்ட ஆய்வுகளில், குறியீட்டு எண் குறைந்த உணவு எடைக் குறைப்பில் பெரிதாக முந்திவிடவில்லை. குறைவாகச் சாப்பிட்டும் பசி தெரியாமல் இருக்க அது எனக்கு உதவியது. எல்லோருக்கும் அப்படியே அமையும் என்று நான் உறுதி கூறவில்லை.

இதில் சர்க்கரையைவிடப் பெரிய தொல்லை சுற்றியிருப்பவர்கள்தாம். அலுவலகத்தில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் ‘ஒரு துண்டுதானே’ என்று கேக்கை வாயருகே நீட்டுகிறார்கள். மறுத்தால் மரியாதை தெரியாதவள். அதே ஆட்கள்தாம் பிறகு, ‘முகம் ஒடுங்கிவிட்டதே, ஏதாவது வியாதியா?’ என்று தனியாக அழைத்து விசாரிக்கிறார்கள். நான் குண்டாக இருந்தபோதும் கருத்துச் சொல்ல இவர்களுக்கு உரிமை இருந்தது.

நீரிழிவுக்காக இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், உணவைத் திடீரென மாற்றும்போது இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும் என்பதால், மருந்தளவைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டே தொடங்குங்கள். அப்படி மருந்து எதுவும் இல்லையென்றால், அட்டவணையைத் தேடுமுன் ஒரு வாரம் நீங்கள் குடிப்பதை மட்டும் எழுதி வையுங்கள். 330 மில்லி கோலா ஒன்றிலேயே ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது.