3-ஆம் பிரிவும் 4-ஆம் பிரிவும் ஒரே அணியில் ஆடலாமா?

கேள்வி: என்னிடம் பயிற்சி பெறும் இரண்டு பெண்கள் சக்கர நாற்காலியில் டேபிள் டென்னிஸ் ஆடுகிறார்கள். ஒருவர் 3-ஆம் பிரிவு, இன்னொருவர் 4. சர்வதேசப் போட்டிக்கு இருவரையும் ஒரே அணியாக அனுப்ப முடியுமா? இரட்டையருக்கு எப்படித் தயார் செய்வது?

பதில்: தாராளமாக அனுப்பலாம். சக்கர நாற்காலியில் ஆடுபவர்களுக்கு 1 முதல் 5 வரை பிரிவுகள். எண் கூடக்கூட உடல் இயக்கமும் கூடுதல். அணி எந்தப் பிரிவில் இறங்கும் என்பதை இருவரில் பெரிய எண்தான் தீர்மானிக்கும். ஆக, உங்கள் அணிக்கு 4–5 பிரிவுதான், 1–3-இல் இடமில்லை. டோக்கியோ பாராலிம்பிக்கில் நம் இந்திய வீராங்கனைகள் 3-ஆம் பிரிவு சோனல் படேலும் 4-ஆம் பிரிவு பவினா படேலும் இப்படித்தான் சேர்ந்து ஆடினார்கள். 2024 பாரிஸில் அணிப் போட்டியை எடுத்துவிட்டு இரட்டையரை வைத்தார்கள். அதில் இருவரின் எண்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். உங்களுக்கு 7 என்பதால் 10 வரையிலான பிரிவு. நீங்கள் போகும் போட்டியில் எந்த முறை என்று அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டோக்கியோவில் அணிப் போட்டி இரட்டையரில்தான் தொடங்கியது. மூன்றில் இரண்டை வென்றால் போதும் என்பதால், முதல் ஆட்டத்தை விட்டால் அடுத்த இரண்டு ஒற்றையரும் கட்டாயம் வென்றாக வேண்டும். பயிற்சி நேரத்தில் பாதியை இரட்டையருக்கே கொடுங்கள் என்பேன்.

முதலில் சர்வ். ஒற்றையரில், சரியாகப் போட்ட சர்வ் பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி வெளியேறினால் அது லெட், அதாவது யாருக்கும் புள்ளி இல்லாமல் மறுபடி சர்வ் போட வேண்டும். அந்தப் பழக்கத்தில் பலர் பந்தைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். இரட்டையரில் அந்தச் சலுகை கிடையாது, புள்ளி போய்விடும்! வலப்பக்கம் அகலமாக விலகும் குட்டை சர்வை, துள்ளி எழும்போதே எடுக்கப் பழக்குங்கள்.

சர்வும் அதற்கான பதிலடியும் முடிந்ததும் இருவரில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், முறை வைக்கத் தேவையில்லை. ஆனால் நாற்காலியின் எந்தப் பகுதியும் மேசையின் நடுக்கோட்டு நேரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் புள்ளி எதிரணிக்கு. கை நீளலாம், சக்கரம் அந்த நேரைத் தாண்டக் கூடாது. அதனால் நடுவில் வரும் பந்து யாருடையது என்று முன்பே பேசி வையுங்கள். உடலைச் சாய்த்து எட்ட முடிகிற 4-ஆம் பிரிவுக்காரர் அதிகம் எடுப்பதே நல்லது.

அப்புறம், இடம் மாறுவது. உங்களில் ஒருவருடைய சர்வ் முறை முடிந்ததும், அடுத்து பந்தை வாங்க வேண்டியவர் கூட்டாளிதான்; அவர் வலப்பக்கம் வந்தாக வேண்டும். நாற்காலிகள் முட்டிக்கொள்ளாமல் மாறுவதையும் தனியாகவே பயிற்சி செய்யுங்கள்.