தண்டவாளப் பராமரிப்பு மெஷின் வேலைக்குத் தம்பியை அனுப்பலாமா? ஆபத்து இல்லையா?

அனுப்பலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒருவர், “கவனமாக இருந்தால் ஒன்றும் ஆகாது” என்று பதில் போட்டிருக்கிறார். அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் கவனமாகத்தான் இருந்தேன்.

எனக்கு ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட், தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவன். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் இரட்டை ரயில் பாதை 2014இல் முடிந்தது. சில வருடம் கழித்து எங்கள் தோட்டத்துப் பையன்கள் நாலைந்து பேர் ஒரு குத்தகைக்காரரிடம் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தோம். டேம்பிங் மெஷின் தண்டவாளத்தைச் சிலிப்பரோடு (அடியில் குறுக்கே கிடக்கும் கட்டையோடு) தூக்கிப் பிடிக்கும். இரும்பு நகங்கள் ஜல்லிக்குள் இறங்கி, நொடிக்கு 35 முறை அதிர்ந்தபடியே சிலிப்பருக்கு அடியில் ஜல்லியை நெருக்கும். அப்புறம் அடுத்த சிலிப்பர்.

ஒரு ராத்திரி மூன்று மணி இருக்கும். நகத்தில் பழைய கம்பி ஒன்று சுற்றிக்கொண்டது. ஓட்டுகிற அண்ணனுக்குக் கை காட்டினேன். அவர் நகங்களை மேலே தூக்கி வைத்தார், நான் குனிந்து கம்பியை இழுத்தேன். அதற்குள் அவரை மாற்றிவிட இன்னொருவர் வந்துவிட்டார். முதலில் ஓட்டிய அண்ணன் தேநீர் குடிக்க இறங்கிப் போனார். கேபினில் உட்கார்ந்தால் அடியில் இருக்கும் ஆள் தெரியாது, வந்தவர் நகங்களை இறக்கிவிட்டார். பக்கவாட்டில் நின்ற என் லயத்துக்காரன் மெஷினை உடனே நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தான். இடது மோதிர விரலில் மேல் கணு மட்டும் போனது. தலைக்கவசம், ஆரஞ்சுச் சட்டை, பூட்ஸ் எல்லாம் போட்டிருந்தேன்.

மெஷின் ஓட்டுகிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அந்த இருவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, சாவி கேபினில் இருந்தது. தப்பு அங்கேதான். அடியில் கை வைக்கிறவன் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். நிறுத்திய பிறகும் ஹைட்ராலிக் (எண்ணெய்) அழுத்தம் உள்ளே இருக்கும். தூக்கிய பகுதி இறங்காமல் பிடிக்கும் பூட்டு முளை போட்டாயிற்றா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

பக்கத்துப் பாதையையும் மறக்கக் கூடாது. மெஷின் சத்தத்தில் ரயில் வருவது காதில் விழாது. 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற ரயில் ஒரு நொடியில் 39 மீட்டர் தாண்டிவிடும். அதனால் காவல் பார்க்கிறவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி இருக்கிறது, மெஷின் கூரையில் ஏறவே கூடாது.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் தெரிந்தது, சம்பளத்தில் சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு) பிடித்த காசை அந்தக் குத்தகைக்காரர் கட்டவே இல்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பெண் பார்க்கப் போன வீட்டில், என் அம்மாவுக்கு முன்னாலேயே, “கை ஊனமான பையனுக்கா?” என்று கேட்டார்கள். ஒரு கணு விரலுக்கு! இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். அம்மா அன்று வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, தம்பி விஷயம். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 2024 ஜூன் 1 முதல் உடனடி ஆபத்தை முதலாளி நீக்காவிட்டால் தொழிலாளி விலகி நிற்கலாம் என்று உரிமை கொடுத்திருக்கிறார்கள். முதல் நாளே மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்), “அண்ணே, அடியில் போகும்போது சாவி யார் கையில்?” என்று கேட்கச் சொல்லுங்கள். சிரித்து மழுப்பினால் அந்த மெஷின் பக்கமே போக வேண்டாம். சொக்சோவுக்குக் காசு கட்டியிருக்கிறார்களா என்றும் இரண்டாம் மாதமே போய்ப் பார்க்கட்டும்.