பாதத்துக்கு ஒரு நகை: பேர்ஃபுட் சாண்டல் வாங்கலாமா?

கேள்வி: என் தங்கைக்கு விரைவில் திருமணம். முகூர்த்தத்துக்கும், மறுநாள் கடற்கரையில் படம் எடுப்பதற்கும் ‘பேர்ஃபுட் சாண்டல்’ வேண்டும் என்கிறாள். அடிப்பாகமே இல்லாத செருப்புக்குப் பணம் கொடுப்பதா என்று அம்மா தடுக்கிறார். வாங்கலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாக வாங்கலாம். பெயரில் சாண்டல் இருந்தாலும் இது செருப்பு அன்று. கால்விரலில் ஒரு வளையம், கணுக்காலில் ஒரு சங்கிலி, இரண்டையும் இணைத்துப் புறங்காலில் படரும் மணிச்சரம் அல்லது நூல் பின்னல் என்று, மெட்டியையும் கொலுசையும் ஒன்றாகக் கோத்தது போல் அமைந்த நகை. வெறுங்காலோடு இருக்கும் இடத்தில்தான் இதன் அழகு முழுமையாகத் தெரியும். அம்மி மிதிக்கும்போது எல்லோருடைய பார்வையும் மணப்பெண்ணின் பாதத்தில்தான் இருக்கும் என்பதால், உங்கள் தங்கையின் ஆசை மிகவும் நியாயமானது.

ஆனால், படத்தில் அழகாகத் தெரிவதெல்லாம் மணவறைக்குப் பொருந்திவிடாது. பெரும்பாலான வகைகளில் வளையம் பெருவிரலுக்கு அடுத்த விரலில் மாட்டப்படுகிறது. மெட்டி போடும் விரலும் அதுவே. சடங்கின் நடுவே கழற்றும் சங்கடம் வேண்டாமென்றால், நடுவிரலில் மாட்டும் வகையைக் கேட்டு வாங்குங்கள். சம்மணமிட்டு அமரும்போது புறங்கால் மணையில் அழுந்துவதால், உயரமாகப் பதித்த கற்கள் சிறிது நேரத்திலேயே வலியைத் தந்துவிடும். தட்டையான வேலைப்பாடே நல்லது. கல்லைப் பிடித்திருக்கும் கம்பி நுனிகள் பட்டுப்புடவையின் கரையில் சிக்கி இழையை இழுத்துவிடக்கூடும் என்பதால், வாங்குவதற்கு முன் மெல்லிய துப்பட்டா ஒன்றை அதன்மேல் இழுத்துப் பாருங்கள்.

அளவை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் எடுக்க வேண்டும். பாதத்தை நீட்டினால் விரலுக்கும் கணுக்காலுக்கும் இடையிலான தூரம் கூடும். அந்த நிலையில் அளக்காவிட்டால் நடக்கும்போது சங்கிலி விரலை இழுக்கும். பின்பக்கக் கொக்கியில் இரண்டு மூன்று வளையங்கள் கூடுதலாக இருந்தால் சரிசெய்துகொள்ளலாம்.

கவரிங் வகைகளில் பூச்சுக்கு அடியில் நிக்கல் இருக்கக்கூடும். வியர்வையில் பூச்சு தேய்ந்ததும் அது தோலில் பட்டு, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாகும். தோலோடு ஒட்டியிருக்கும் நகைகளிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிப்படக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு விதித்திருப்பது இதனால்தான். மலிவான தோடு போட்டுக் காது புண்ணான அனுபவம் தங்கைக்கு இருந்தால், வெள்ளியிலோ பருத்தி நூலிலோ வாங்குங்கள். வெள்ளி என்றால் 92.5 சதவீதத் தூய்மையைக் குறிக்கும் 925 முத்திரையைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி ஹால்மார்க்கிலும் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்கள் கொண்ட தனி அடையாளக் குறி வந்திருக்கிறது, அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம்.

கடற்கரைக்குக் குரோஷா பின்னலே என் தேர்வு. உப்புநீர் பட்டாலும் அலசி உலர்த்திவிடலாம். உள்ளங்காலுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதால், உச்சிவெயிலில் மணலில் நிற்க வைக்காமல் காலையிலோ மாலையிலோ படம் எடுங்கள்.

இணையத்தில் வாங்கினால், ஒரு காலுக்கா இரண்டுக்குமா விலை என்பதையும், திருப்பி அனுப்பும் விதியையும் முதலில் படியுங்கள். விற்பனைத் தளத்திடம் புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி. நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.