தூக்கிக்கொண்டு போவதை வசதி என்று ஏற்காதீர்கள்

கேள்வி: திருகோணமலையில் வசிக்கிறோம். பாரிசவாதத்துக்குப் பிறகு அம்மா சக்கர நாற்காலியில்தான் நடமாடுகிறார். அரச அலுவலகம், வங்கி போன்ற பொது இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன வசதிகள் இருக்கவேண்டும்? இல்லாவிட்டால் என்ன செய்யலாம்?

பதில்:

என் அப்பாவும் சக்கர நாற்காலியில் இருப்பவர்தான். ஆறு வருடங்களாக அவரோடு இந்த ஊரின் வாசற்படிகளை எண்ணிக்கொண்டு திரிகிறேன்.

முதலில் சட்டம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கமாக நிறைவேறியது. அதன் கீழ் 2006 ஒக்டோபரில் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாகின. பொதுக் கட்டடங்கள், பொது இடங்கள், பொதுச் சேவை கிடைக்கும் இடங்கள் எல்லாவற்றுக்கும் அவை பொருந்தும். ஏற்கெனவே இருந்த கட்டடங்களை மூன்று வருடங்களுக்குள் மாற்றியமைக்கவேண்டும் என்றுதான் அப்போது விதித்தார்கள். 2011இல் உயர் நீதிமன்றம், புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளுக்கு அமைய இருக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா. 1992இல் அவர் சென்ற கார்மேல் மரம் விழுந்ததால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். தன் நாற்காலியில் இருந்தபடியே நாட்டுக்காக வாதாடிய அந்த மனிதரை நான் மிகுந்த நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. அதன் 9ஆவது உறுப்புரை முழுவதும் இந்த அணுகும் வசதி பற்றியதே.

ஆகவே உங்கள் அம்மா கேட்கப்போவது சலுகை இல்லை. இதை முதலில் அம்மாவுக்கே சொல்லிவையுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். ஓய்வூதியம் தொடர்பான ஒரு கையெழுத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனோம். வாசலில் மூன்று படிகள். காவலாளி ஓடி வந்தார், வரிசையில் நின்ற இரண்டு இளைஞர்களும் வந்தார்கள். “சேர், பயப்படாதீர்கள், நாங்கள் தூக்கிவிடுகிறோம்” என்றார்கள். நம் ஊரில் இதற்குக் குறைவே இல்லை, கேட்காமலே நாலு கைகள் வரும். நாற்காலியை மூன்று பக்கம் பிடித்துத் தூக்கியபோது அப்பா ஒரு கையால் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, மறுகையால் விலகிய சாரத்தை முழங்காலோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார். வரிசையில் அவரிடம் படித்த ஒரு பெண்ணும் நின்றார். அப்பா அவரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோவில் திரும்பும்போது, “அடுத்த முறை நீ மட்டும் போ தம்பி, நான் கடிதம் தருகிறேன்” என்றார். அதன்பிறகு ஏழு மாதங்கள், வைத்தியசாலையைத் தவிர வேறெங்கும் அவர் வரவில்லை.

தூக்கிய அந்த மூவர்மேலும் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. ஆனால் ஒருவரின் நல்ல மனதை நம்பித்தான் ஒரு மனிதர் கையெழுத்துப் போடப் போகலாம் என்றால், சட்டம் எதற்கு?

அந்த வாசலின் பக்கவாட்டில் ஒரு சாய்தளமும் இருந்தது. அதைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்கவேண்டும். ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட சாய்வு. ஒரு படி ஆறு அங்குலம் என்றால் மூன்று படிக்குப் பதினெட்டு அங்குலம், அதற்குப் பதினெட்டு அடி நீளமான சாய்தளம் வேண்டும். நான் அளந்து பார்த்தேன், அங்கிருந்தது ஐந்து அடிகூட இல்லை. பின்னால் ஒருவர் முழுப் பலத்தோடு தள்ளினால் ஏறலாம். இறங்கும்போது முகம் முன்னால் இருந்தால் ஆள் குப்புற விழவேண்டியதுதான், நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாகவே இறக்கவேண்டும். அதன் அடியில் நான்கு மோட்டார் சைக்கிள்கள் வேறு நிறுத்தியிருந்தார்கள்.

கதவும் அப்படித்தான். அப்பாவின் நாற்காலி ஒரு கைவளையத்திலிருந்து மறு கைவளையம் வரை 25 அங்குலம். பல இடங்களில் மலசலகூடக் கதவு 24 அங்குலம். ஓர் அங்குலத்துக்காக ஒரு மனிதர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார். உள்ளே போனாலும் நாற்காலி திரும்புவதற்கு ஐந்து அடி விட்டமாவது இடம் வேண்டும், பக்கத்தில் பிடித்து எழும்ப உறுதியான கம்பி வேண்டும். நீர்க்குழாயில் தொங்கி எழும்பச் சொல்லக்கூடாது.

சக்கர நாற்காலி மட்டும்தான் விடயம் என்றும் நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஒழுங்கையில் காது கேளாத ஓர் அண்ணன் இருக்கிறார். வாயால் மட்டும் இலக்கம் கூப்பிட்ட ஓர் இடத்தில் அவருடைய முறை வந்து போனதே தெரியாமல் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். இலக்கத்தை ஒரு பலகையில் எழுதிக் காட்ட எவ்வளவு செலவாகும்?

இனி, செய்யக்கூடியது. போவதற்கு முதல் நாள் தொலைபேசியில் கேளுங்கள், “வசதி இருக்கிறதா” என்று கேட்கவேண்டாம், எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எத்தனை படி, சாய்தளம் எத்தனை அடி, கருமபீடம் கீழ்த்தளத்திலா, மலசலகூடக் கதவு எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். வசதி இல்லாவிட்டால் நிறுவனத் தலைவருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அளவுகளையும் படத்தையும் சேருங்கள், “கஷ்டப்பட்டோம்” என்று எழுதுவதைவிட “ஐந்து அடி” என்று எழுதுவது வேலை செய்யும். அரச இடமாக இருந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கட்டட வரைபடத்தில் இந்த வசதி காட்டப்பட்டதா, அதற்கு அனுமதி கொடுத்தவர் யார் என்று தகவல் அலுவலரிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலேயே அலுவலகம் இருக்கிறது, அங்கே முறையிடலாம். உரிமை மீறல் வழக்கு வரை போகும் எண்ணம் இருந்தால் ஒரு மாதக் காலவரையறை இருக்கிறது, சம்பவம் நடந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாட்டைப் பதிந்துவிடுங்கள்.

என் கடிதத்துக்குப் பிறகு அந்த அலுவலகத்தில் மோட்டார் சைக்கிள்கள் அகன்றுவிட்டன. சாய்தளம் இன்னும் அதே ஐந்து அடிதான். இரண்டாவது கடிதம் போயிருக்கிறது. அப்பா இப்போது மாலையில் என்னோடு உப்புவெளிக் கடற்கரைக்கு வருகிறார். மணலில் நாற்காலியை முன்னோக்கித் தள்ளினால் சின்னச் சக்கரங்கள் புதைந்துவிடும், திருப்பிப் பெரிய சக்கரத்தை முன்விட்டு இழுங்கள்.

அம்மாவின் நாற்காலியை அளந்து, நீங்கள் போகவேண்டிய இடத்தையும் கீழே எழுதுங்கள். நான் போன இடமாக இருந்தால் எந்த வாசலால் நுழையலாம் என்று சொல்கிறேன்.